இரண்டாவது ரத்தத்துக்கு முன்

ஊசி போட்டாகிவிட்டது, இனிமேல் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று தெரிந்தும் முதல் இட்லியிலேயே கை நின்றுவிட்டது. எதிர் நாற்காலியைக் காட்டி "ஆள் இருக்காம்மா?" என்று ஒருவர் கேட்டார், இல்லை என்று தலையாட்டினேன், அவர் அதைத் தூக்கிப் பக்கத்து மேஜையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இல்லையைச் சொன்னபிறகு இட்லி இறங்கவில்லை. வருஷக்கணக்காக இதே தில்லைநகர் சுகர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து இந்த ஓட்டலுக்கு வருவோம் நானும் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும். எனக்கு இட்லி, அவருக்கு நெய் ரோஸ்ட். கூச்சமே இல்லாமல் என் முன்னாலேயே சர்க்கரை போட்ட காபியை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். "டெஸ்ட் உனக்குத்தான் ரெஜினா, எனக்கு இல்ல" என்பார். வீட்டில் மட்டும் என்னோடு சேர்ந்து சர்க்கரையில்லாத டீ. அந்த விரதத்தை அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப் கேன்டீனில் தினமும் முறித்துக்கொண்டிருந்தார் என்பது அவருடைய ரிட்டயர்மென்ட் விழாவில்தான் தெரிந்தது. கேன்டீன்காரர் மேடையேறிப் பேசினார், "சவரி அண்ணனுக்கு எப்பவும் ரெண்டு ஸ்பூன் தூக்கலா" என்றார், கூட்டம் சிரித்தது, இவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிப்பு வந்தால் சாப்பிட முடிவதில்லை. பாதி இட்லியைத் தட்டில் விட்டுவிட்டுக் கை கழுவினேன். "வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்கம்மா, ஒரு போன் போட்டா போதும்" என்று ஓசூரிலிருந்து மகள் ஷீலா சொன்னாள்தான். அப்படி எடுத்தால் இங்கே வரவேண்டியதில்லை. இங்கே வரவேண்டும் போலிருந்தது, வந்தேன்.

சாப்பிட்டபின் எடுக்கும் இரண்டாவது ரத்தத்துக்காக ஆஸ்பத்திரிக்கு மறுபடி வந்து உட்கார்ந்தபோது பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கலாம், பர்தாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கணவனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பேர் ஷமீம் என்றாள். அவன் சிராஜ், காலேஜ் பஸ் ஓட்டுகிறவன், போன மாதம் பஸ் கழுவிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம், இரண்டு இடத்தில் ஸ்டென்ட், அப்போது பார்த்ததில்தான் சுகர் இருப்பதே தெரிந்ததாம். எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். அவன் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, இடது கையை நெஞ்சின் மேலேயே வைத்திருந்தான், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் என் கையும் அங்கேதான் இருந்தது. "உங்களுக்கு சுகர் மட்டுமாம்மா?" என்று ஷமீம் கேட்டாள். "ஹார்ட்டும்தான்" என்றேன். அவன் திரும்பினான். "எப்ப வந்துச்சு?" "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு." "இருபத்திரண்டா!" என்றாள் அவள். அவன் வாயைத் திறந்தது அப்போதுதான். "அப்புறம் திரும்பி வரலையா?" "ஒரு தடவை மிரட்டிட்டுப் போச்சு. வரல." "மாடி ஏறுவீங்களா?" "ஏறுவேன், நின்னு நின்னு." "தூங்கப்போகும்போது பயமா இருக்காதா?" அந்தக் கேள்வி முள்போல உள்ளே தைத்தது. ஆனாலும் "கல்லு மாதிரி இருக்கேன் பாருங்க தம்பி" என்று கையை விரித்துக் காட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், என் செருப்பைக்கூடப் பார்த்தான். பிறகு நெஞ்சிலிருந்த கை மெதுவாக இறங்கி மடிக்கு வந்தது. ஷமீம் அதைக் கவனித்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கல்லு மாதிரி என்று சொல்லிவிட்டேன், அது வந்த அன்றைக்கு நான் கல்லு மாதிரி இருந்ததுதான் வினை. ஜங்ஷனில் நான் டிக்கெட் போடும் ரிசர்வேஷன் கவுண்டர், மே மாத லீவு, வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. சுகர் எனக்கு ஷீலா வயிற்றில் இருக்கும்போதே வந்து, பிரசவத்துக்குப் பிறகும் போகாமல் தங்கிவிட்ட சுகர், அதனால் வேர்த்தால் பிஸ்கட் தின்பது என்று பழகியிருந்தேன். தாடை வலித்தது, கடைவாய்ப் பல் என்று நினைத்தேன். முதுகில் யாரோ அரிசி மூட்டையை ஏற்றி வைத்ததுபோல் இருந்தது, நாற்காலி சரியில்லை என்று நினைத்தேன். நெஞ்சு வலிக்கவேயில்லை. நெஞ்சு வலிக்காமல் ஹார்ட் அட்டாக் வரும் என்று யார் சொன்னார்கள், சினிமாவில் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதானே சாய்கிறார்கள். சுகர்காரர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கும், வலி மேலே வந்து சேராது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கவுண்டருக்கு வெளியே ஒரு ஆள் கன்னியாகுமரிக்குக் கீழ் பெர்த்தான் வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழ் பெர்த் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தேன். அதற்கு முன்னால் பக்கத்து கவுண்டர் ஜெசிந்தா "ஏய் ரெஜினா, மூஞ்சி ஏன்டி சாம்பலாட்டம் இருக்கு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரிக் கட்டில், ஒர்க்‌ஷாப் நீல யூனிஃபார்மோடு சவரி, கையெல்லாம் கிரீஸ், வெள்ளை விரிப்பைத் தொட்டால் கறையாகிவிடும் என்று இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். கிரீஸைப் போக்கி என்னைத் தொடுவதற்காக அந்த மனுஷன் போய் மண்ணெண்ணெய் தேடியிருக்கிறார், ஆஸ்பத்திரியில். கடைசியில் முழங்கையால் என் நெற்றியைத் தொட்டார். கிரீஸ் வாசனை. பிறகு சென்னைக்கு அனுப்பி, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்து, எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று டாக்டர் வராந்தாவில் நின்று அவரிடம் சொன்னது கதவிடுக்கு வழியாக என் காதில் விழுந்தது. "சுகர் வேற இருக்கு. நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம் தாராளமா ஓடும்." தாராளமாக. எனக்கு அப்போது நாற்பத்தாறு.

ரிசர்வேஷன்காரிக்குத் தேதி தெரிந்தால் போதும், மற்ற ஏற்பாடு தானாக வந்துவிடும். ஊருக்கு வந்து பொன்மலை குவார்ட்டர்ஸில் கட்டிலோடு கிடந்த அந்த மாதமே ஆரம்பித்துவிட்டேன், நான் இல்லாத வீட்டுக்கு அவரைத் தயார் பண்ண. ரசம்தான் முதல் பாடம். "புளி எவ்வளவு?" "நெல்லிக்காய் அளவு." "எந்த நெல்லிக்காய், அரைநெல்லியா பெருநெல்லியா?" ஃபிட்டருக்கு அளவு சரியாக இருக்கவேண்டும். சிரிக்கக்கூடாது, தையல் இழுக்கும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். ஷீலாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுத்தேன், ஒயர் பின்னுவதுபோல் இறுக்கிப் பின்னிவிட்டார், அவளுக்குக் கண் மேலே ஏறிக்கொண்டது. எந்தக் கடையில் மீன், எந்த மீனுக்கு எந்தச் சட்டி, பட்டுப்புடவையை எப்போது வெயிலில் காட்டுவது. ஒருநாள் துணிந்து ஜெசிந்தா பேச்சையும் எடுத்தேன். கல்யாணம் ஆகாதவள், நல்லவள், ஷீலா மேல் உயிர். "எனக்கப்புறம் அவளைக் கட்டிக்கங்க." மனுஷன் வாயில் போட்ட சோற்றை மென்றுகொண்டே எழுந்து போய்விட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போனாரோ, ஆளைக் காணோம். திரும்பி வந்து சைக்கிளைப் பூட்டிவிட்டு, "அவ பருப்புல உப்பே இருக்காது" என்றார். "அதெப்படி உங்களுக்குத் தெரியும்?" "நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப அவதான சோறு கட்டிக் கொடுத்தா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எதெல்லாம் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்று நினைத்தேனோ அதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஷீலா வயதுக்கு வந்தது, பத்தாவது பாஸ், காலேஜ். ஒவ்வொன்றுக்கும் இதையும் பார்த்தாச்சு, இதையும் பார்த்தாச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். டாக்டர் சொன்ன பத்து வருஷம் முடிந்த அன்று அவர் அரைக்கிலோ பால்கோவா வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கொடுத்தார், எனக்கு நகக்கண் அளவு. "முடிஞ்சிருச்சு ரெஜினா. இனிமே வர்றதெல்லாம் போனஸ்."

ஜி கார்னர் மைதானத்தில் சாயங்காலம் நடப்போம். எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்கமாட்டார், கேட்டால் நான் இல்லை என்று சொல்வேன் என்று தெரியும். எதையாவது வம்பு பேசி என்னை பதில் பேசவைப்பார், பதில் நடுவில் உடைந்தால் செருப்பு வார் அறுந்தவர்போல் நின்றுவிடுவார். வேர்த்தால் புறங்கையை என் பிடரியில் வைத்துப் பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, வேர்வை சூடாக இருந்தால் வெயில், ஜில்லென்று இருந்தால் சுகர் இறங்குகிறது, சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் வரும். "ஜில்லுன்னு இருந்து மிட்டாய்க்கும் நிக்கலைன்னா?" என்று ஒருநாள் கேட்டேன். "அப்ப தூக்கிட்டு ஓடுவேன்" என்றார். தூக்கியிருப்பார். எழுபது வயதில் சிலிண்டரை ஒற்றைக் கையால் உருட்டாமல் தூக்கி வைத்தவர். தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டவரில்லை. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தபோது போர்வையைப் போர்த்திக்கொண்டு "சும்மா காய்ச்சல், கஷாயம் வை" என்றார். டெங்கு. ஆஸ்பத்திரியில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின, ஷீலா ஓடிவந்தாள், அவளிடம் அவர் தெளிவாகப் பேசின கடைசிப் பேச்சு "அம்மா ஊசி போட்டாளா, சாப்பிட்டாளா பாரு" என்பது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பெட்டியைப் பார்த்ததைவிட என்னைத்தான் பார்த்தார்கள். என் தம்பி குளுக்கோஸ் பாட்டிலோடு பின்னாலேயே நின்றான். ஜெசிந்தா என் நாடியைப் பிடித்துக்கொண்டே ஜெபமாலை சொன்னாள். நான் விழவில்லை. என் நெஞ்சு அன்றைக்கும் ஒழுங்காக அடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது அதை நினைத்து. வெட்டித் தைத்த நெஞ்சு, பத்து வருஷம் என்று சொன்ன நெஞ்சு, அது அன்றைக்காவது கொஞ்சம் தடுமாறியிருக்கக் கூடாதா. நான் இல்லாமல் போவதற்கு அவருக்கு ரசத்திலிருந்து பட்டுப்புடவை வரை கற்றுக்கொடுத்தேன். அவர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. அதற்குப் பிறகு பூசையில் முழந்தாளிட்டு நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான், போதும் ஆண்டவரே, என்னையும் கூப்பிட்டுக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் கரண்ட் போயிருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. ஃபேன் நின்று, எல்லாரும் ரிப்போர்ட் கவரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வேர்த்தது. எல்லாருக்கும் வேர்க்கிறது, எனக்கும் வேர்க்கிறது, அதிலொன்றுமில்லை. ஜெனரேட்டர் போட்டார்கள், ஃபேன் சுற்றியது, எல்லாரும் கவரைக் கீழே வைத்தார்கள். எனக்கு மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது. கையைப் பிடரியில் வைத்துப் பார்த்தேன். தன் கையால் தன் உடம்பைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை, கையும் ஜில்லென்று இருந்தது, கழுத்தும் ஜில்லென்று இருந்தது. சுகராக இருக்கும், பாதி இட்லிதானே. இல்லை, அன்றைக்கும் சுகர் என்றுதான் நினைத்தேன். தாடை வலிக்கிறதா? நாக்கால் துழாவிப் பார்த்தேன், வலிக்கிற மாதிரியும் இருந்தது, தேடினால் எங்கேயும் வலிக்கும். முதுகு? பெஞ்ச் சரியில்லை. அன்றைக்கும் நாற்காலி சரியில்லை. சுவரில் பாதப் பராமரிப்புப் படம் ஒன்று மாட்டியிருந்தது, அதிலிருந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தன. பையில் மிட்டாய் இருக்கிறதா, மிட்டாய் என் பையில் எப்படி இருக்கும், அது அவருடைய சட்டைப்பையில் அல்லவா இருக்கும், அந்தச் சட்டையை ஷீலா யாருக்கோ கொடுத்துவிட்டாள். வந்தாச்சு போல என்று தோன்றியது. பயமே இல்லை, அதுதான் ஆச்சரியம், ரொம்ப நேரம் நின்ற வரிசை நகர்கிறமாதிரி ஒரு நிம்மதி. கேட்டேன், கொடுக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அப்போது பக்கத்தில் சிராஜ் ஷமீமிடம் சொல்லிக்கொண்டிருப்பது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. "அடுத்த மாசம் டூட்டில சேந்துரலாம்னு நினைக்கிறேன். இந்தம்மாவைப் பாரேன், இருபத்திரண்டு வருஷம்." ஐயோ. இந்தப் பிள்ளை முன்னால் விழக்கூடாது. கல்லு மாதிரி இருக்கேன் என்று கையை விரித்துக் காட்டிவிட்டு, அவன் கால்மாட்டிலேயே சாய்ந்து செத்தேன் என்றால் அவன் கை மறுபடி நெஞ்சுக்குப் போய்விடும், பிறகு இறங்கவே இறங்காது. இவனுக்காகவாவது இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள், வீட்டில், தனியாக. இப்படி நினைத்ததும்தான் பயம் வந்தது. வீட்டில் தனியாகவா? வேண்டாம். அங்கேயும் வேண்டாம். அசிங்கமான, குழந்தைத்தனமான பயம், எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. நாக்கு தடித்துவிட்டது. "ஷமீம்" என்றேன், சரியாக வரவில்லை. "ஷமீம், எனக்கு ஒரு மாதிரி வருது."

அவள் என்னைத் தாங்கிப் பிடிக்குமுன் அவன் எழுந்துவிட்டான். ஃபைல் தரையில் சிதறியது. "சிஸ்டர்! சிஸ்டர்! இங்க அம்மாவைப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே அந்த நீள வராந்தா முழுக்க ஓடினான், ஓடிப்போய் நர்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு ஓடி வந்தான். விரலில் ஊசி குத்தினார்கள். "சுகர் நாப்பத்தெட்டு" என்றாள் நர்ஸ், "ஐயோ, எப்படிம்மா உக்காந்திருந்தீங்க?" குளுக்கோஸ் தண்ணீர் டம்ளரை ஷமீம் என் வாயில் வைத்தாள், பாதி புடவையில் வழிந்தது. இனிப்பு தொண்டையில் இறங்க இறங்க, சுவர் சுவராகவும் எழுத்து எழுத்தாகவும் திரும்பி வந்தன. ஹார்ட் பேஷன்ட் என்று சொன்னதால் படுக்கவைத்து ஈசிஜியும் எடுத்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை, பழைய தழும்புதான் என்றார்கள். எழுந்து உட்கார்ந்தபோது ஷமீம் வாசலில் கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு, வேகமா நடக்காதீங்கன்னு சொல்லல? நீங்க எதுக்கு ஓடுனீங்க?" சிராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். தன் காலைக் குனிந்து பார்த்தான். "ஓடிட்டேன்ல?" என்றான், அவளிடமா தன்னிடமா தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன். எனக்கு அகோரமாகப் பசித்தது, ஷமீம் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தாள், அவள் தனக்காக வைத்திருந்தது, உனக்கு வேண்டாமா என்று கேட்காமலே முழுக்கத் தின்றேன்.

உள்ளே டாக்டர் சின்னப் பெண், கோபமாக இருந்தாள். "ஊசி போட்டுட்டு ஏம்மா சாப்பிடல?" "இறங்கல டாக்டர்." "எத்தனை நாளா இறங்கல?" ஐப்பசியிலிருந்து என்று சொன்னேன், ஏன் என்று அவள் கேட்டாள், சொன்னேன். கோபம் போய்விட்டது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசியின் அளவைக் குறைத்தாள், சாப்பாட்டைத் தட்டில் பார்த்த பிறகுதான் ஊசி என்றாள், பையில் மிட்டாய் இல்லாமல் வெளியே இறங்கக்கூடாது என்றாள். இன்றைக்கு இரண்டாவது ரத்தம் எடுத்துப் பிரயோசனமில்லை, ஒரு வாரம் வீட்டிலேயே குத்திப் பார்த்து போனில் சொல்லுங்கள், "அப்புறம் மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா." இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு, "இருந்தா வர்றேன் டாக்டர்." இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ டாக்டர்கள் மாறிவிட்டார்கள், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், சவரி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார். வாய் அதற்காகத்தான் திறந்தது, வந்தது வேறு. "அது என்ன கிழமை வருது?" என்று கேட்டேன். நர்ஸ் காலண்டரைப் புரட்டினாள். "செவ்வாய்க்கிழமைம்மா." "செவ்வாய் வேணாம், அந்தோணியார் கோயிலுக்குப் போற நாளு" என்றேன். "புதன் போடுங்க."